ஜப்பானுக்கென்று செய்த கப்பல்

கற்பிட்டியில் ஓங்கில் பார்க்கப் போவதென்றால் விடிய ஆறு மணிக்கே கரையில் நிற்க வேண்டும். நான் எட்டு மணிக்குப் போனேன். கடலில் ஒரு மணித்தியாலம் சுற்றியும் ஒரு முதுகுகூடத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எங்கள் ஃபைபர் போட்டுக்குப் பின்னால் நீண்டு கிடந்த ஒயில் கோடுதான். வெயில் பட்டு ஏழு நிறத்திலும் மினுங்கியது.

"காக்கா, எஞ்சின் ஒழுகுது போல."

"ஒழுகட்டும் தம்பி. வழி தப்பினா அதைப் பார்த்தே திரும்பி வந்திரலாம்."

போட் ஓட்டும் காக்காவுக்கு அது வசதி. மேலே ஒரு விமானம் வந்து, கோடு முடிகிற இடம் பார்த்துக் குண்டு போடும் என்ற பயம் அவருக்கு இல்லை. ஆனால் இதே ஒழுகலோடு இந்து சமுத்திரத்தில் திரிந்த ஒரு கூட்டம் கப்பல்களுக்கு அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அவை நீர்மூழ்கிகள். ஒளித்திருப்பதுதான் அவற்றுக்குச் சம்பளம் கொடுத்த வேலை. ஒளித்திருக்கும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே ஒளித்திருந்தன. ஓங்கில் ஏமாற்றிய அந்தக் காலையில் காக்காவுக்கு நான் சொன்ன கதை அதுதான். இடையில் அவர் கேட்ட கேள்விகளையும் சேர்த்தே எழுதுகிறேன். கதையைவிடக் கேள்விகள் திறம்.

1921 கடைசியில் வல்லரசுகள் எல்லாம் வாஷிங்டனில் கூடி, யார் எத்தனை போர்க்கப்பல் வைத்திருக்கலாம் என்று பங்கு பிரித்தன. அங்கே பிரித்தானியா எழும்பி, நீர்மூழ்கி என்பதே கள்ளத்தனமான சாமான், அதை உலகத்திலிருந்தே ஒழித்துவிடலாம் என்றது. முதலாம் உலகப் போரில் ஜெர்மன்காரனின் நீர்மூழ்கிகளால் பட்டினியின் வாசல் வரை போய் வந்த நாடு. சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரான்ஸ் சம்மதிக்கவில்லை. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போன பிரித்தானியா, ஒழிக்க முடியாவிட்டால் நாமும் செய்வோம் என்று பென்சிலைத் தீட்டியது. கள்ளுத் தவறணையை மூடச் சொல்லி மனுக் கொடுத்தவர், மனு சரிவராதபோது அதே தவறணையைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி.

யாருக்கு எதிராக? அதுதான் விசேஷம். ஜப்பானுக்கு எதிராக. 1902 முதல் ஜப்பான் பிரித்தானியாவின் உடன்படிக்கைக் கூட்டாளி. 1914இல் எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல் இந்து சமுத்திரத்தைக் கலக்கி, இன்றைக்கும் நம் ஊரில் கெட்டிக்காரப் போக்கிரிக்கு 'எம்டன்' என்று பெயர் நிலைக்கச் செய்தபோது, அதைத் தேடி அலைந்த கூட்டத்தில் ஜப்பான் கப்பல்களும் இருந்தன. அந்த உறவும் வாஷிங்டனோடு முறிந்தது. முறிந்த கையோடு லண்டனில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்: ஜப்பான் ஹொங்கொங் மீது பாயும், பெரிய கப்பற்படை ஐரோப்பாவிலிருந்து வந்து சேர வாரக் கணக்கில் ஆகும், அதுவரை அங்கே யாராவது தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த 'யாராவது' நீர்மூழ்கிகள்.

ஆகவே தூரம் ஓடும் நீர்மூழ்கி வேண்டும். பழைய படகுகள் வட கடலில் போய் வருவதற்குச் செய்தவை, பசிபிக்குக்குக் கட்டாது. 1926இல் சாத்தம் கப்பல் கட்டுந்தளத்தில் 'ஒபரோன்' என்ற முன்மாதிரி தண்ணீரில் இறங்கியது. அதைத் திருத்தி ஒடின் வகுப்பு, பிறகு பார்த்தியன் வகுப்பு, பிறகு ரெயின்போ வகுப்பு. ஆங்கில எழுத்தில் ஓ, பி, ஆர் என்று தொடங்கும் பெயர்கள். ஒபரோனையும், அவுஸ்திரேலியாவுக்கென்று கட்டிய இரண்டையும் சேர்த்தால் 19. ஒடின் வகுப்பில் ஒவ்வொன்றும் 86 மீட்டர் நீளம், தண்ணீருக்கு மேலே 1,700 தொன்னுக்கு மேல் எடை. முன்னால் ஆறு, பின்னால் இரண்டு என்று எட்டு டோர்பிடோக் குழாய்கள், மேலே நாலு அங்குலப் பீரங்கி ஒன்று. ஒரு தடவை எண்ணெய் நிரப்பினால் 8,000 கடல் மைலுக்கு மேல் போகும். உள்ளே ஐம்பது பேருக்கு மேல், டீசல் எஞ்சினுக்கும் பற்றரிக்கும் நடுவே, நம் வெப்பக் கடலில், இடியப்பத் தட்டில் அவிகிற மாதிரி அவிந்துகொண்டு.

"எம்பத்தாறு மீட்டர்," என்று காக்கா கரைப் பக்கம் ஒரு தென்னையைக் குறிவைத்து அளந்து பார்த்தார். "நம்ம களப்புக்குள்ள வருமா?"

"சும்மா மிதக்கிறதுக்கே நாலு மீட்டர் தண்ணி வேணும்."

"அப்ப புத்தளத்துக் களப்புக்குள்ள வந்தா நடுவுல குந்திரும். மேல வலை காயப்போடலாம்." கொஞ்சம் யோசித்து, "ஆவுளியாவே முதுகு வெளிய தெரியாமப் போக இடம் தேடுது," என்றார்.

வடிவமைப்பில் பெரிய கோளாறு, நான் முதலில் சொன்ன ஒழுகல்தான். 8,000 மைலுக்கு எண்ணெய் வைக்க உள்ளே இடமில்லை. அதனால் அழுத்தம் தாங்கும் உள்ளுடம்புக்கு வெளியே, முதுகிலும் விலாவிலும் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். தகடுகளைப் பொருத்தியது ஆணியடித்து, ஒட்டி அல்ல. ரிவிற் ஆணி அடித்த தகடு கடலில் அலைபட்டு, அழுத்தப்பட்டு, சுருங்கி விரிந்தால் என்னாகும் என்று கற்பிட்டியில் வள்ளத்துக்குக் கலப்பத்து அடிக்கிற கிழவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. நீர்மூழ்கி கீழே போனாலும் எண்ணெய் மேலே வந்து, 'ஐயா இங்கேதான் இருக்கிறார்' என்று சாட்சி சொன்னது. கடைசி வகுப்புக்கு ரெயின்போ என்று பெயர் வைத்தவர் ஒருவேளை உண்மை தெரிந்தவரோ என்று எனக்கொரு சந்தேகம். ரெயின்போ என்றால் வானவில்.

எஞ்சினும் லேசுப்பட்டதில்லை. அவுஸ்திரேலியாவுக்கென்று கட்டிய ஒக்ஸ்லியும் ஒட்வேயும் 1928 பெப்ரவரியில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பின. மால்ட்டா வரை வந்ததும் எஞ்சின் தூண்களில் வெடிப்பு. அங்கேயே மாதக் கணக்கில் கிடந்து, சிட்னி போய்ச் சேர்ந்தது 1929 பெப்ரவரி. பாய்மரக் கப்பலில் போயிருந்தால் முந்தியே போய் ஒரு வீடும் கட்டியிருக்கலாம். போய்ச் சேர்ந்த கையோடு உலகப் பொருளாதாரம் விழுந்தது. செலவு கட்டாது என்று 1931இல் அவுஸ்திரேலியா இரண்டையும் பிரித்தானியாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. சீர் கொடுத்த சாமான் திரும்பி வந்த மாதிரி.

பெயர் வைத்த ராசியும் சரியில்லை. கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரில் பொசைடன் என்று ஒன்றை விட்டார்கள். 1931 ஜூனில், போரும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், சீனாவின் வெய்ஹைவெய்க்குப் பக்கத்தில் ஒரு சீன நீராவிக் கப்பலோடு மோதி மூழ்கியது. வருணன் என்று பெயர் வைத்த பிள்ளை கிணற்றில் விழுந்த கதை. நாற்பது வருஷம் கழித்து, 1972இல், சீனா சத்தமில்லாமல் அதைத் தூக்கி எடுத்துக்கொண்டது; வெளி உலகத்துக்கு அது தெரியவே பல காலம் ஆயிற்று. பிரித்தானியா போட்டுவிட்டுப் போனது எதையும் சீனா வீணாக்குவதில்லை. நுரைச்சோலையில் சீனா கட்டிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அன்றைக்குக் கடலில் இருந்தே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னபோது காக்கா சிரித்தார்.

பிறகு 1939 செப்டம்பர் 3. போர் வந்தது, ஆனால் ஜப்பானோடு அல்ல. ஏழே நாளில், செப்டம்பர் 10 இரவு, நோர்வேக் கடலோரம் ட்ரைட்டன் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி, இருட்டில் மேலே மிதந்த இன்னொரு நீர்மூழ்கியைக் கண்டது. விளக்கால் கேட்டது, பதில் இல்லை. மறுபடி கேட்டது, இல்லை. விதிப்படி எல்லாம் செய்து முடித்துவிட்டு டோர்பிடோவை விட்டது. விழுந்தது நம் ஒக்ஸ்லி. தன் பகுதியை விட்டு வழி தவறி வந்திருந்தது. இருவர் மட்டும் உயிரோடு மீண்டார்கள். அந்தப் போரில் பிரித்தானியா இழந்த முதல் நீர்மூழ்கி அது. இழக்கச் செய்ததும் பிரித்தானியாவே. ஊருக்கு வெடி விபத்து என்று சொன்னார்கள். உண்மை வெளியே வரப் போரும் முடிந்து வருஷங்கள் போயின.

இந்தப் பக்கம், சீனக் கடலில் இருந்த படகுகளில் சில கொழும்புக்கு வந்தன. 1939 முதல் 1940 வரை கொழும்பில் எட்டாம் நீர்மூழ்கி அணி என்று ஒன்று இருந்தது. ஒலிம்பஸ் அதில் சேர்ந்தது. ஜெர்மன் வேட்டைக் கப்பல்கள் எம்டனைப்போல மறுபடியும் வந்துவிடுமோ என்று இந்து சமுத்திரத்தைக் கண்காணிப்பது வேலை. பாருங்கள், பசிபிக்கில் ஜப்பானோடு மல்லுக்கட்டப் பிறந்தது, கொழும்பில் காலி முகத்திடல் காற்று வாங்கிக்கொண்டு, வராத ஜெர்மன்காரனுக்காகக் காத்திருந்தது. அதன் வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான். அது அன்றைக்கு அதற்குத் தெரிந்திருக்காது.

இத்தாலி போரில் குதிக்கப் போகிறது என்ற பயத்தில், இந்தப் படகுகளில் பெரும்பாலானவை மத்தியதரைக் கடலுக்கு; 1940 ஜூன் 10இல் அது குதித்தும் விட்டது. அகலமான, ஆழமான பசிபிக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை, ஒரு குளத்தில் போட்டுக் குளிக்கச் சொன்ன மாதிரி. மத்தியதரைக் கடலின் தண்ணீர் கண்ணாடி. பதினைந்து மீட்டர் ஆழத்தில் போகும் நீர்மூழ்கியை மேலே பறக்கும் விமானி பார்த்துவிடுவான். அதிலும் 86 மீட்டர் நீளம். அதிலும் வானவில்.

இத்தாலி குதித்த நாலாம் நாளே ஒடின் போயிற்று. தாரந்தோ வளைகுடாவில் இத்தாலிய நாசகாரிகள் முடித்துவிட்டன. அதே மாதம் ஓர்ஃபியஸ். பாதாளத்துக்குப் போய் மீண்டவன் என்று கிரேக்கக் கதை சொல்லும் பெயர், இது மீளவில்லை. ஜூலையில் ஃபீனிக்ஸ். சாம்பலில் இருந்து எழும்பும் பறவையாம். எழும்பவில்லை. ஓகஸ்டில் ஒஸ்வால்டை ஒரு இத்தாலியக் கப்பல் இடித்தே மூழ்கடித்தது. ஒக்டோபரில் ரெயின்போ, டிசம்பரில் ரெகுலஸ். ஏழு மாதத்தில் ஆறு.

"அதுகள் ஒண்டும் பிடிக்கல்லையா?" என்று காக்கா கேட்டார். வலைக்காரர் கேட்கிற கேள்வி.

பிடித்தன. பார்த்தியன் 1940 ஜூனில் ஒரு இத்தாலிய நீர்மூழ்கியையும், அடுத்த ஜூனில் விஷிப் பிரான்ஸின் நீர்மூழ்கி ஒன்றையும் அடித்தது. ஒஸைரிஸ் ஒரு இத்தாலிய டோர்பிடோப் படகை முடித்தது. ஆனால் இந்த வகுப்பு மத்தியதரைக் கடலில் உருப்படியாகச் செய்த வேலை எதுவென்றால், நான் சொல்வேன், லொறி வேலை. முற்றுகையில் கிடந்த மால்ட்டாவுக்கு மேல் வழியாகக் கப்பல் போக முடியாத காலம். ஒலிம்பஸ், பண்டோரா, ஓடஸ், ஒஸைரிஸ் போன்றவை வயிற்றில் விமானப் பெற்றோலும் மருந்தும் மாவும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு அடியால் போய் இறக்கின. 'மாயக் கம்பளம்' என்று பட்டப்பெயர். பெரிய உடம்பு என்று திட்டு வாங்கியவை, சாமான் ஏற்றும்போது அதே உடம்புக்காக மெச்சப்பட்டன. எங்கள் பக்கத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற லொறிகளைப் பார்க்கும்போது எனக்கு ஒலிம்பஸின் ஞாபகம் வரும்.

ஒலிம்பஸின் முடிவை மட்டும் சிரித்துச் சொல்ல வராது. 1942 மே 8, மால்ட்டாவிலிருந்து வெளிக்கிட்டது. துறைமுகத்தில் குண்டில் அழிந்த பண்டோரா முதலிய மூன்று நீர்மூழ்கிகளின் ஆட்களையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு. கரையில் இருந்து ஏழு மைலில் கண்ணிவெடி. 98 பேரில் 9 பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள்.

பெர்சியஸின் கதை வேறு மாதிரி. 1941 டிசம்பர் 6, கிரேக்கத்தின் கெஃபலோனியாத் தீவருகே அதுவும் கண்ணிவெடியில் பட்டு, 52 மீட்டர் ஆழத்தில் போய்க் குந்தியது. உள்ளே ஜோன் கேப்ஸ் என்ற எஞ்சின் பகுதி ஆள் ஒருவர். அந்தப் படகின் ஆள்கூட இல்லை, வழியில் ஏறிய பயணி. டோர்பிடோக் குழாய் ஒன்றைப் படுக்கையாக்கி, ரம் குடித்துக்கொண்டு படுத்திருந்தவர். உயிரோடு இருந்த மூவரையும் தேடிப்பிடித்து, மூச்சுக் கருவி மாட்டி, இன்னொரு மடக்கு ரம் விட்டுக்கொண்டு, வாசல் மூடியைத் திறந்து வெளியே வந்தார். மேலே வந்து சேர்ந்தது அவர் ஒருவர்தான். இருட்டில் மைல் கணக்கில் நீந்திக் கரையேறி, தீவுச் சனங்கள் ஒளித்துவைக்க ஒன்றரை வருஷம் இருந்து தப்பினார். பதக்கம் கொடுத்தார்கள், ஆனால் முழுதாக நம்பவில்லை. 52 மீட்டரா, ரம்மா என்று சிரித்தார்கள். அவர் இறந்தது 1985இல். 1997இல் கிரேக்கச் சுழியோடிகள் இறங்கிப் பார்த்தால் மூடி திறந்தபடி, குழாய்ப் படுக்கை இருந்தபடி, போத்தலும் இருந்தது.

இதைக் காக்கா மட்டும் உடனே நம்பினார். முத்துக்குளித்த கரையில் பிறந்தவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சில் இறங்கி ஏறினவர்களின் பேரன்களோடு திரிகிறவர். முத்துக்குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் விடுவார்களாம், தங்கச்சி தாலியறுப்பதை அவன் விரும்ப மாட்டான் என்று. "அந்த வெள்ளைக்காரனுக்குக் கயிறு பிடிக்க மச்சான்கூட இல்லை," என்றார், நிசமான இரக்கத்தோடு.

இந்தப் படகுகளுக்கெல்லாம் தாயாக மெட்வே என்ற ஒரு கப்பல் இருந்தது. நீர்மூழ்கிகளுக்குச் சோறு, தண்ணி, டோர்பிடோ எல்லாம் கொடுக்கவென்றே கட்டியது. பிள்ளைகளோடு சீனாவிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்குப் போய், 1942 ஜூன் 30இல் மூழ்கியது. மூழ்கடித்தது ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி.

இனிக் கதையின் மூக்கு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. எந்த நாளுக்கென்று 19 படகுகளைக் கட்டினார்களோ அந்த நாள் வந்தது. ஜப்பான் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு கொழும்புக்கே வந்தது. முதல் நாள் பேர்ச்சல் என்ற கனடா விமானி கண்டு தந்தி அடித்ததால் அந்தளவாவது தெரிந்தது. நம் ஜப்பான் எதிர்ப்பு நிபுணர்கள் அன்றைக்கு எங்கே? பெரும்பாலும் மத்தியதரைக் கடலில். பண்டோரா நாலு நாளைக்கு முன்னர், ஏப்ரல் 1ஆம் திகதி, மால்ட்டாவில் குண்டு பட்டு அமிழ்ந்திருந்தது. இலங்கைப் பக்கம் இருந்த நீர்மூழ்கிகள், வேறு வகுப்பைச் சேர்ந்த ட்ரூவண்ட், ட்ரஸ்டி இரண்டும், ஜாவாவில் ஜப்பானிடமிருந்து தப்பி வந்த ஒல்லாந்தரின் சில படகுகளும். கற்பிட்டியில் கோட்டை கட்டி இருந்து, 1795இல் அதை ஆங்கிலேயனிடம் பறிகொடுத்துப் போன ஒல்லாந்தர், ஏறக்குறைய 150 வருஷம் கழித்து அதே ஆங்கிலேயனிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். கோட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மை.

கொழும்புத் துறைமுகத்தில் அன்றைக்கு நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பல் ஒன்றும் குண்டு வாங்கியது. லூசியா. அதன் சொந்தப் பெயர் ஸ்ப்ரீவால்ட். 1914இல் ஜெர்மனியிடமிருந்து பிடித்த கப்பல். ஜெர்மன்காரி பெற்ற பிள்ளையை ஆங்கிலேயன் வளர்க்க, ஜப்பான்காரன் அடித்தான்.

அந்த வாரம் நம் தீவைச் சுற்றிய கடலில் பெரிய நீர்மூழ்கிகள் இருக்கவே செய்தன. ஜப்பானுடையவை. ஐ-7 என்பது வயிற்றுக்குள் சின்ன விமானம் ஒன்றையே மடித்து வைத்துக்கொண்டு வந்தது. கொழும்புக்கு மேலே அதைப் பறக்கவிட நினைத்து, ரோந்து விமானங்கள் விடாததால் கைவிட்டது. ஐ-3 அரபிக் கடல் பக்கம் போய் ஃபுல்டாலா என்ற சரக்குக் கப்பலை அடித்தது. தூரம் ஓடும், பெரிய, பசிபிக்குக்கென்று செய்த படகுகள். லண்டனில் வரைந்த அதே எண்ணம், வேறு கொடியோடு வந்து நின்றது.

புத்தளத்துக்கு இந்தப் போரில் கிடைத்த பங்கு என்ன என்று கேட்டால், யானை. தாக்குதல் முடிந்தபின் இலங்கையில் விமானத் தளங்களைப் பரப்பி வைக்கத் தொடங்கினார்கள். பாலாவிப் பக்கம் காட்டை வெட்டிக் கடற்படை ஒரு ஓடுபாதை போட்டது. பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு பழக்கம், தரையில் நிற்கிற தளத்துக்கும் கப்பல் பெயர்தான் வைப்பார்கள். இதற்கு எச்.எம்.எஸ். ராஜாளிய என்று பெயர். சிங்களத்திலும் தமிழிலும் அதே பறவை, இராஜாளி. மழைக்குச் சேறாகிப்போன தளத்தில் கோர்சேர் போர் விமானங்கள் புதைந்து நின்றன. 2,000 குதிரைவலு எஞ்சின் உள்ள அமெரிக்க விமானத்தை வெளியே இழுக்க யானை கொண்டுவந்தார்கள். மரம் இழுத்துப் பழகிய யானைக்கு அது இன்னொரு மரம். அந்தப் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன: சங்கிலி, பாகன், யானை, பின்னால் வெட்கப்பட்டு வரும் விமானம். இந்தக் கதையில் மூழ்கவே முடியாத கப்பல் எச்.எம்.எஸ். ராஜாளிய ஒன்றுதான், அதுவும் சேற்றில் அரைவாசி.

19இல் 13 போயின. மிஞ்சிய ஆறில் ரோவர் என்று ஒன்று. 1941இல் கிரீட்டின் சூடா வளைகுடாவில் குண்டுபட்டு, சிங்கப்பூருக்குத் திருத்த வந்து, ஜப்பான் வருகிறான் என்று அங்கிருந்தும் அரைகுறையாக வெளிக்கிட்டு, கடைசியில் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்தது. ஜப்பானுக்கெதிராகக் கட்டிய வகுப்பில் ஒன்று ஒருவழியாக ஜப்பான் போருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். வந்ததும் அதற்குக் கொடுத்த வேலை, பயிற்சி. நீர்மூழ்கி வேட்டைக்குப் பழகும் கப்பல்கள் தேடிப்பிடிக்க, தண்ணீருக்குள் எதிரியாக நடிக்க வேண்டும். ஜப்பானை அடிக்கப் பிறந்தது ஜப்பான் வேஷம் கட்டியது. நாடகம் முடிந்து 1946இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் பழைய இரும்புக்கு விற்றார்கள்.

காக்கா எஞ்சினை நிறுத்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பின்னால் குனிந்து ஒழுகும் இடத்தைத் துணியால் துடைத்தார். துணியைப் பிழிந்தபோது தண்ணீரில் இன்னொரு சின்ன வானவில் விரிந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"இரும்பு கிலோ என்ன விலைக்குப் போச்சாம் தம்பி?"